சாவி யார் கையில்?

இணையத்தில் சேலை விற்கும் ஒரு சிறு வணிகர் கடைக்கு ஒரு மென்பொருள், கணக்குக்கு வேறொன்று, கூரியருக்கு இன்னொன்று என்று பயன்படுத்துகிறார். விற்பனை விவரம் தானாகவே கணக்கில் ஏற, 'இணைக்க' என்ற பொத்தானை அழுத்தினால் போதும். அந்தப் பொத்தானை மென்பொருள் நிறுவனங்களுக்கு அமைத்துத் தருவதே இன்று தனித் தொழில். மெர்ஜ், பாராகான் போன்ற இடைத்தளங்கள் அதைத்தான் செய்கின்றன.

பணத்தின் தேவையை விளக்க வகுப்பில் நான் ஒரு கணக்கு சொல்வதுண்டு. 100 பண்டங்களைப் பண்டமாற்று செய்ய 4,950 மாற்று விகிதங்கள் தேவை; பணம் நடுவே வந்தால் 100 விலைகள் போதும். மென்பொருள்களுக்கும் இது பொருந்தும். ஒவ்வொன்றோடும் தனித்தனியே இணைந்து, எதிர்த்தரப்பு மாறும்போதெல்லாம் நிரலைத் திருத்துவதைவிட, அனைத்தோடும் முன்பே இணைந்துள்ள இடைத்தளத்துக்குக் கட்டணம் செலுத்துவது மலிவு. இடைத்தரகர் என்றாலே முகம் சுளிப்பது நம் வழக்கம். இங்கே அவர் உண்மையிலேயே செலவைக் குறைக்கிறார்.

ஆனால், அவரிடம் நம் சாவியும் இருக்கிறது. பொத்தானை அழுத்தும்போது கடவுச்சொல்லுக்குப் பதிலாக 'டோக்கன்' என்னும் மின்னணு அனுமதிச் சீட்டு வழங்கப்படுகிறது. அதை வைத்திருப்பவர் கடவுச்சொல்லோ ஓடிபியோ இன்றித் தரவை எடுக்க முடியும்.

2025 ஆகஸ்டில், சேல்ஸ்லாஃப்ட் நிறுவனத்தின் 'டிரிஃப்ட்' உரையாடல் செயலி சேல்ஸ்ஃபோர்ஸ் தளத்தோடு இணைவதற்கான டோக்கன்கள் திருடப்பட்டன. 700-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றனர் கூகுள் ஆய்வாளர்கள். இணையப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட கிளவுட்ஃபிளேர், இசட்ஸ்கேலர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் ஆகியவையும் தப்பவில்லை. சேல்ஸ்ஃபோர்ஸின் பூட்டு உடைக்கப்படவில்லை, சாவிதான் களவுபோயிற்று. டிரிஃப்ட் ஒற்றைச் செயலி. பல செயலிகளின் சாவிகளை ஒருங்கே வைத்திருக்கும் இடைத்தளத்தில் இது நேர்ந்தால் விளைவு எத்தகையது என்பதை ஊகிக்கலாம்.

பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். ஒப்பந்தம் மென்பொருள் நிறுவனத்துக்கும் இடைத்தளத்துக்கும் இடையே. செலவு மிச்சம் அவ்விருவருக்கு. இடைத்தளத்தின் பெயரைக்கூட அறியாத வாடிக்கையாளருக்கு எஞ்சுவது இடர்.

இதற்கு வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. நிதித் தகவல்களைக் கொண்டுசேர்க்கும் 'அக்கவுன்ட் அக்ரிகேட்டர்' நிறுவனங்களுக்கு 2016-இல் ரிசர்வ் வங்கி விதிகள் வகுத்தது. அவை தகவலைத் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. கடவுச்சொல்லைக் கேட்கவே கூடாது. நோக்கம், பெறுபவர், காலாவதி நாள் ஆகியவை ஒப்புதலில் இடம்பெற வேண்டும். அதை வாடிக்கையாளர் திரும்பப் பெறவும் முடியும்.

இவ்விதிகள் நிதித் துறையோடு நின்றுவிடுகின்றன. மருந்து அட்டையில் தயாரிப்பாளர் பெயரும் காலாவதி நாளும் கட்டாயம். 'இணைக்க' பொத்தானின் அருகிலும் இடைத்தளத்தின் பெயரையும் அனுமதி முடியும் நாளையும் காட்டும்படி அரசு விதிப்பதற்குப் பெருஞ்செலவு ஏதும் ஆகாது.