புயலைப் படிக்கும் படிப்பு

பிளஸ் டூ முடித்த பிள்ளை "கடல் படிப்பு படிக்கப் போகிறேன்" என்றால் வீட்டில் ஆளுக்கொன்றாய் நினைத்துக்கொள்வார்கள். அப்பாவுக்குக் கப்பல் வேலையும் டாலர் சம்பளமும். சித்தப்பாவுக்குத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்த யாரையாவது அத்தைக்குத் தெரிந்திருக்கும். கொஞ்சம் விவரமானவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையைச் சொல்வார்கள். அங்கே பாடம் கப்பல் வடிவமைப்பும் அலைக்குத் தாக்குப்பிடிக்கும் கட்டுமானமும். நாம் பேசப்போவது இந்த நான்கில் எதையும் இல்லை.

கடல், வளிமண்டல அறிவியல் என்பது அடிப்படையில் இயற்பியல். கடல்நீர் எப்படி ஓடுகிறது, காற்று எப்படி ஓடுகிறது, ஒன்றை மற்றொன்று எப்படித் தள்ளுகிறது, எப்படிச் சூடாக்குகிறது என்று கணக்குப் போடும் துறை. மீன் கொஞ்சமாக வரும். வகையீட்டுச் சமன்பாடு நிறைய வரும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடற்கரையைப் பார்த்து ஆசைப்பட்டுச் சேர்ந்தவர்கள் முதல் செமஸ்டரிலேயே திகைத்து நிற்பது இந்த இடத்தில்தான்.

கடலையும் காற்றையும் ஏன் ஒரே துறையில் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். இரண்டுமே பாய்மங்கள். இரண்டும் சுழலும் உருண்டை ஒன்றின் மேல், சூரியனால் ஏற்றத்தாழ்வாகச் சூடாக்கப்பட்டு ஓடிக்கொண்டிருக்கின்றன. சமன்பாடுகள் ஏறக்குறைய ஒன்றே. அடர்த்தியும் வேகமும்தான் வேறு. போதாததற்கு, கடலின் மேல்பரப்பில் சுமார் 3 மீட்டர் நீர் தாங்கும் வெப்பம், அதன் தலைக்கு மேலுள்ள வளிமண்டலம் முழுவதும் தாங்கும் வெப்பத்துக்குச் சமம். கடலை விட்டுவிட்டு மழையைப் பேசுவது கல்லாப்பெட்டியைப் பார்க்காமல் கடையின் வரவுசெலவைப் பேசுவது மாதிரி.

இந்தப் படிப்பில் என்னென்ன பாடம் வரும் என்று பட்டியல் போடுவதைவிட, நமக்குத் தெரிந்த ஒரு புயலை எடுத்துக்கொள்ளலாம். 2017 நவம்பர் 29. இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் காலை அது குமரிக் கடலில் புயலாக நிற்கிறது. பெயர் ஓக்கி. அதற்குள் குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் கரையிலிருந்து வெகு தூரம் போயிருந்தார்கள். பலர் திரும்பவில்லை.

இந்த ஒரு புயலை வகுப்பில் வைத்துப் பிரித்தால் பாதிப் பாடத்திட்டம் வந்துவிடும். முதல் கேள்வி, அவ்வளவு தெற்கே ஒரு புயல் எப்படிச் சுழன்றது? பூமி சுழல்வதால் ஓடும் காற்று திசை விலகுகிறது. கோரியாலிஸ் விசை என்பது இதைத்தான். நிலநடுக்கோட்டில் இது சுழி. வடக்கே போகப் போக அட்சரேகையின் சைன் மதிப்புக்கு ஏற்பக் கூடும். கன்னியாகுமரியில் இதன் அளவு சென்னையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கைவிடச் சற்றுக் குறைவு. நிலநடுக்கோட்டுக்கு 5 டிகிரிக்குள் புயல் பிறப்பது அபூர்வம் என்பதற்கும் இதுவே காரணம். 8 டிகிரிக்கும் தெற்கே பிறந்த ஓக்கி சட்டத்தை மீறவில்லை, விளிம்பில் நின்றது. "வளிமண்டல இயக்கவியல்" என்ற பாடத்தின் முதல் மாதம் முழுக்க இந்த ஒரு விசையோடு மல்லுக்கட்டுவதில் போகும்.

அடுத்தது, ஒரே நாளில் அது வலுத்தது எதனால்? புயலுக்குத் தீனி கடலிலிருந்து எழும் நீராவி. அது மேலே போய்க் குளிர்ந்து துளியாகும்போது விடும் உள்ளுறை வெப்பம்தான் இயந்திரத்தை ஓட்டுகிறது. இது வெப்ப இயக்கவியல் பாடம். இதற்காக மாணவர்கள் டி-ஃபை வரைபடம் என்ற சாய்ந்த கட்டங்கள் போட்ட தாளில், பலூன் அனுப்பிய வெப்பநிலையையும் பனிநிலையையும் உயரத்துக்கு உயரம் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். தரையிலிருந்து கிளம்பும் ஒரு பொட்டலம் காற்று மேலே போகும் பாதையை அதே தாளில் வரைந்தால், இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு பரப்பு கிடைக்கும். அந்தப் பரப்பு எவ்வளவு பெரிதோ, இடிமேகத்துக்கு அவ்வளவு சக்தி கையில் இருக்கிறது. இப்போது கணினி நொடியில் போட்டுத் தந்துவிடும். ஆனாலும் பத்துத் தாளாவது கையால் போட்டவருக்குத்தான் மேகம் பிடிபடும் என்பது என் அபிப்பிராயம்.

அந்த பலூன் விஷயமும் சொல்ல வேண்டியது. காலை 5.30, மாலை 5.30 மணிக் கணக்கில், உலகமெங்கும் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான நிலையங்களில் இதைப் பறக்கவிடுகிறார்கள், நம் மீனம்பாக்கத்திலும்தான். சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் பலூன் ஊதிப் பெருத்து வெடிக்கும். அதுவரை கீழே தொங்கும் சின்னப் பெட்டி வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம், காற்று எல்லாவற்றையும் வானொலியில் சொல்லிக்கொண்டே போகும்.

மூன்றாவது கேள்வி, அந்தத் தீனி ஏன் தீர்ந்துபோகவில்லை? இதில்தான் கடல் வருகிறது; எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். சாதாரணமாகப் புயல் போகும் இடத்தில் கடல் கலக்கப்பட்டு, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். புயல் தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொள்ளும். வங்கக் கடலில் இது அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் மழையும் கொட்டும் நன்னீர், உப்பு குறைந்த மெல்லிய படலமாக மேலே மிதக்கிறது. அடியில் உள்ள உப்புநீர் கனம் கூடியது; காற்று அடித்தாலும் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. இதைத் தடுப்புப் படலம் என்கிறார்கள். வெப்பம் மேலேயே பொத்தி வைக்கப்படுகிறது. நவம்பர் வாக்கில் இந்த உப்புக் குறைந்த நீர் நம் கிழக்குக் கடற்கரையை ஒட்டித் தெற்கே ஓடி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு, தென்கிழக்கு அரபிக் கடலுக்குள்ளும் புகுகிறது. ஆறு கடலில் கலந்த இடத்துக்கும் புயல் போன இடத்துக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். இதைப் புரிந்துகொள்ள உப்பு, வெப்பம், நீரோட்டம், காற்று நான்கும் ஒரே தலைக்குள் இருக்க வேண்டும்.

இந்த உப்பை எப்படி அளக்கிறார்கள்? ஆய்வுக் கப்பலில் ஏறும் மாணவர் முதலில் கற்பது சி.டி.டி. என்ற கருவியை. மின்கடத்தல், வெப்பநிலை, ஆழம் மூன்றையும் அளக்கும் உணரிகள் ஒரு இரும்புச் சட்டத்தின் அடியில் இருக்கும். மின்கடத்தலிலிருந்து உப்பைக் கணக்கிடுவார்கள். சட்டத்தைச் சுற்றி வட்டமாக, இரு முனையும் திறந்த நீண்ட பாட்டில்கள். கம்பிவடத்தில் கட்டி நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் இறக்குவார்கள். அறைக்குள் திரையில் வெப்பநிலைக் கோடு முதல் சில பத்து மீட்டர் நேராக இறங்கும். பிறகு மடமடவென்று இடப்பக்கம் சரியும். மேலே 29 டிகிரி இருந்த நீர் ஆயிரம் மீட்டரில் சுமார் 7 டிகிரி. திரும்ப ஏற்றும்போது வேண்டிய ஆழத்தில் ஒவ்வொரு பாட்டிலாக மூடுவார்கள். தளத்துக்கு வந்ததும் எல்லோருக்கும் முன்னால் ஆக்சிஜன் அளப்பவருக்குத்தான் தண்ணீர். காற்றுப் பட்டால் அவர் கணக்குக் கெட்டுவிடும். உப்பு அளப்பவர் வரிசையில் பின்னால் நிற்பார். இரவு 2 மணி ஆனாலும் முறை வந்தால் எழ வேண்டும், குமட்டினாலும். தெர்மோகோல் கப்பில் பெயரெழுதிக் கருவியோடு கட்டி அனுப்பி, அழுத்தத்தில் விரலளவு சுருங்கி வருவதை வீட்டுக்குக் கொண்டுபோவது கப்பல்களில் பழைய விளையாட்டு.

கப்பல் எல்லா இடத்துக்கும் போகாது. அதனால் ஆர்கோ மிதவைகள். உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 மிதவைகள் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருக்கின்றன. பத்து நாளுக்கொரு முறை ஒவ்வொன்றும் 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து அளந்துகொண்டே மேலே வந்து, செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி மூழ்கும். அந்தத் தரவு முழுக்க இலவசம், யாரும் எடுக்கலாம்.

இனி கணினி. 1922இல் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், வானிலையைச் சமன்பாடுகளால் முன்கூட்டியே கணக்கிடலாம் என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, 1910 மே 20ஆம் தேதிக்கான கணக்கைக் கையால் போட்டிருந்தார். ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் ஏறும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் பெரிதாக அசையவே இல்லை. வழி சரி, தொடக்கத் தரவில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அதுதான் கோளாறு. அந்தத் தவறான விடையையும் மறைக்காமல் அச்சிட்டார். 1950இல் எனியாக் கணினியில் முதல் வெற்றி வந்தது. இன்று புனேயின் "அர்கா", நொய்டாவின் "அருணிகா" என்ற மீத்திறன் கணினிகளில் ஓடுவது அதே யோசனையின் வாரிசுதான். தொடக்கத் தரவைப் பொருத்துவது இன்றும் தனிப் பாடம், கடினமான பாடம். ஆகவே பைத்தான் தெரியாமல் இந்தத் துறையில் காலம் தள்ள முடியாது. பழைய ஃபோர்ட்ரானையும் கொஞ்சம் வாசிக்கத் தெரிய வேண்டும், வானிலைக் கணினி மாதிரிகள் பல இன்னும் அதில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

யார் சேரலாம்? இளநிலையில் இயற்பியல் அல்லது கணிதம் படித்தவர்களுக்கு வழி நேரானது. பொறியியல் படித்தவர்களும் நிறைய வருகிறார்கள். உயிரியல் மட்டும் படித்துக் கணிதத்தை விட்டவர்களுக்கு இது சிரமம். அவர்கள் கடல் உயிரியல் பக்கம் போவதே நல்லது, அதில் தாழ்வு ஒன்றும் இல்லை. இயற்பியல், கணித வழிக்கு உதாரணம் வேண்டுமா? சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த அன்னா மணிதான் பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வைத்தவர். பருவமழை ஆய்வில் பெரிய பெயரான சுலோசனா காட்கில், ஹார்வர்டில் பயன்முறைக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1980இல் அவரும் வானிலை ஆய்வாளர் டி.ஆர்.சிக்காவும், கோடைப் பருவமழையின் மேகத்திரள் நிலநடுக்கோட்டுக் கடலிலிருந்து வடக்கு நோக்கி அலையலையாக நகர்வதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து காட்டினார்கள். பருவமழை என்றால் பெரிய அளவிலான கடற்காற்று என்று பள்ளியில் படித்த விளக்கம் அதோடு ஆட்டம் கண்டது.

எங்கே படிப்பது? விசாகப்பட்டினத்தின் ஆந்திரப் பல்கலைக்கழகம் நாட்டில் இதற்கு மூத்த இடங்களில் ஒன்று. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வானிலையியலிலும் கடலியலிலும் தனித்தனியே எம்.எஸ்சி. உண்டு, அதற்கென்றே நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள். நமக்குப் பக்கமும்கூட. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் புவி, கடல், வளிமண்டல அறிவியல் மையம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு என்றால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். டெல்லி, கரக்பூர், புவனேஸ்வர் ஐ.ஐ.டி.கள். கேட் தேர்வின் பொறியியல் அறிவியல் தாளில் வளிமண்டல, கடல் அறிவியல் ஒரு விருப்பப் பகுதி. நெட் தேர்வில் புவி, வளிமண்டலம், கடல், கோள் அறிவியல் எல்லாம் சேர்ந்து ஒரே தாள். அதனால் கொஞ்சம் பாறையும் படித்தாக வேண்டும்.

வேலையைப் பற்றிப் பூசி மெழுக வேண்டியதில்லை. பெரும்பாலான நல்ல இடங்கள் அரசுடையவை: வானிலைத் துறை, ஐதராபாத்தின் இன்காய்ஸ் (இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம்), பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கடலோர ஆய்வு மையமும், புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், இஸ்ரோவின் அகமதாபாத் மையம். விமானப் படையில் வானிலைக்கென்றே அதிகாரிகள் பிரிவு உண்டு. இடங்கள் எப்போதும் திறந்திருக்காது. அறிவிப்பு வரும்வரை ஆராய்ச்சித் திட்டங்களில் தற்காலிக வேலை பார்ப்பவர்கள் அதிகம். எம்.எஸ்சி.யோடு நிற்பவருக்கும் முனைவர் பட்டம் முடித்தவருக்கும் கிடைக்கும் வாய்ப்பில் பெரிய இடைவெளி இருக்கிறது. வீட்டில் ஐந்தாறு வருடம் காத்திருக்க முடியுமா என்று சேரும் முன்பே பேசிவிடுவது உத்தமம். தனியார் பக்கம் இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது. முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலை வைத்திருப்பவர்கள், நாளை எவ்வளவு மின்சாரம் வரும் என்று 15 நிமிடத் துண்டுகளாக முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது, தவறினால் அபராதம். அந்தக் கணிப்பை யாராவது போட்டாக வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களுக்கும் வெள்ளக் கணக்கு தேவைப்படுகிறது.

ஓக்கிக்குப் பிறகு ஒன்று மாறியது. செல்போன் கோபுரம் எட்டாத தூரத்தில் இருப்பவருக்கு எச்சரிக்கை போய்ச் சேர, இன்காய்ஸும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து "ஜெமினி" என்ற கருவியை 2019இல் கொண்டுவந்தன. செயற்கைக்கோள் வழியே வரும் செய்தி மீனவரின் போனில் தெரியும். அந்தச் செய்தியில் எந்த வரி முதலில் வர வேண்டும், "50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று" என்பதா, "இன்றிரவுக்குள் கரை திரும்புங்கள்" என்பதா? கச்சான், கொண்டல், வாடை என்று காற்றைப் பெயர் சொல்லித் தெரிந்த ஒரு படகோட்டியிடம் அதை எப்படிச் சொல்வது? எந்த எம்.எஸ்சி. தாளிலும் இந்தக் கேள்வியை நான் பார்த்ததில்லை. தமிழ் தெரிந்த, கடற்கரையில் வளர்ந்த ஒரு மாணவருக்கு இதில் மற்றவர்களைவிட அனுகூலம் அதிகம்.

சேருவதா வேண்டாமா என்று தயங்குபவருக்கு ஒரு சோதனை இருக்கிறது. ஆர்கோ தளத்திலிருந்து வங்கக் கடலின் ஒரு மிதவையை எடுங்கள். மே மாதத்தின் ஓர் அளவீடு, நவம்பரின் ஓர் அளவீடு. வெப்பநிலையையும் உப்பையும் ஆழத்துக்கு எதிராக வரையுங்கள். பைத்தானில் இருபது வரிகூடத் தேவைப்படாது. இரண்டு படமும் ஏன் வேறுபடுகின்றன என்று சாப்பாட்டு நேரம் தாண்டியும் உட்கார்ந்து யோசிக்கத் தோன்றினால், விண்ணப்பப் படிவத்தை வாங்கிவிடலாம்.