நீல மாத்திரைக்கு ஒரு இரண்டு நிமிடப் படம்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளி. உடல்நலப் பாடத்திற்கு மாணவர்களை வைத்தே ஒரு சின்ன வீடியோ தயாரிக்க வேண்டும். கம்ப்யூட்டர் வேலையை மட்டும் பார்த்துக் கொடுங்கள் சார் என்று அங்குள்ள அறிவியல் டீச்சர் கேட்டார். டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவன் என்பதால் உடனே ஒத்துக்கொண்டேன். இன்டர்நெட்டில் பத்துப் படங்களை எடுத்து, பவர்பாயிண்ட்டில் அடுக்கி, பின்னணியில் மியூசிக் சேர்த்தால் முடிந்தது என்று நினைத்தேன். முதலில் அப்படித்தான் செய்தும் கொடுத்தேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் "டிஜிட்டல் ஸ்டோரிடெல்லிங்" பற்றித் தேடிப் படித்தேன். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிமையானது. ஒருவர் தனக்கு நடந்ததைத் தன் குரலிலேயே சொல்லிப் பதிவு செய்கிறார். அதன் மேல் பத்துப் பன்னிரண்டு போட்டோக்கள் ஓடுகின்றன. மொத்தம் இரண்டு, மூன்று நிமிடம். ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி போன்றவர்கள் 1990களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பொதுமக்களுக்கு இதைக் கற்றுத் தர ஆரம்பித்தார்கள். 2001ல் பிபிசி நிறுவனம் வேல்ஸ் பகுதி மக்களை வைத்து இதே முறையில் கதைகளைத் தயாரித்தது. கதை சொல்லும் கலையை வெளிநாட்டிலிருந்து கற்க வேண்டிய ஊர் இது இல்லை. கி. ராஜநாராயணன் பிறந்த இடைசெவல் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். வாயால் சொன்ன கதைக்குப் படம் சேர்ப்பது மட்டும்தான் இதில் புதிது.

டீச்சர் எடுத்துக்கொண்ட விஷயம் இரும்புச்சத்து மாத்திரை. ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் பள்ளியில் தரப்படும் நீல நிற மாத்திரை அது. 2019-21ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. எனவே மாத்திரை அவசியம்தான். ஆனால் பிள்ளைகள் அதை வாயில் ஒதுக்கி வைத்திருந்து, பிறகு ஜன்னலுக்கு வெளியே துப்பிவிடுகிறார்கள் என்றார் டீச்சர். காரணம் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கதை சொல்ல முன்வந்தாள். அவள் முதலில் எழுதி வந்தது "இரும்புச்சத்து மனித உடலுக்கு இன்றியமையாதது" என்று தொடங்கும் கட்டுரை. அதை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் ஆச்சியிடம் என்ன சொன்னாயோ அதை அப்படியே சொல் என்றேன். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, "மாத்திரை போட்ட மறுநாள் வெளிக்குக் கறுப்பாப் போச்சு சார். வயித்துக்குள்ள என்னமோ ஆயிருச்சுன்னு பயந்துட்டேன். அதான் துப்பிட்டேன்" என்றாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் இன்னும் இரண்டு பேர் "எனக்கும்தான்" என்றார்கள்.

இதற்கு விளக்கம் சுலபம். உடல் எடுத்துக்கொள்ளாத இரும்புச்சத்து மலத்தோடு வெளியேறுகிறது. கறுப்பு நிறம் அதனால்தான் வருகிறது, பயப்படத் தேவையில்லை. வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்குக் குமட்டும். அதனால்தான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தருகிறார்கள். மாத்திரையோடு டீ குடித்தால் சத்து உடலில் சேர்வது குறையும். நெல்லிக்காய், எலுமிச்சை நல்லது. ஆச்சி தந்த கம்பங்கூழையும் அவள் கதையில் சேர்த்தாள். கரிசல் காட்டில் விளையும் கம்பில் தீட்டிய அரிசியைவிட இரும்புச்சத்து பல மடங்கு அதிகம். ஆனாலும் கூழ் குடித்தால் மாத்திரை வேண்டாம் என்று அர்த்தமாகிவிடக் கூடாது என்பதால், அந்த வரியை டீச்சர் இரண்டு முறை திருத்தினார்.

இனி வேலை முறையைப் பார்க்கலாம். இதை உங்கள் வீட்டு கம்ப்யூட்டரிலும் செய்திடலாம். முதலில் குரல். பிள்ளைகள் நிதானமாகப் பேசினால் நிமிடத்திற்கு 90 சொற்கள் வரும். இரண்டு நிமிடத்திற்கு 180 சொற்கள் போதும். எழுதியதைப் படிக்கச் சொல்லாமல், பக்கத்தில் ஒரு தோழியை உட்கார வைத்து அவளிடம் சொல்லச் சொல்லுங்கள். மொபைல் போனிலேயே பதிவு செய்திடலாம். எங்கள் ஊரில் தொல்லை காற்றுதான். மரத்தடியில் பதிவு செய்ததில் பாதி வெறும் "புஸ்" சத்தம். பிறகு அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறையில், ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தோம். மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிட்டன.

பேச ஆரம்பிப்பதற்கு முன் மூன்று விநாடி அமைதியாக இருக்கச் சொல்லுங்கள். பைலை இலவச சாப்ட்வேரான ஆடாசிட்டியில் திறந்து, அந்த மூன்று விநாடியை மட்டும் செலக்ட் செய்திடவும். எஃபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்ஷன் சென்று, கெட் நாய்ஸ் புரொபைல் அழுத்தவும். பிறகு முழுப் பதிவையும் செலக்ட் செய்து, அதே இடத்திற்கு மீண்டும் சென்று ஓகே தரவும். இரைச்சல் குறையும். மிக அதிகமாகக் குறைக்கப் போனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

படங்களை இணைக்க முன்பு விண்டோஸ் மூவி மேக்கர் இருந்தது. 2017 ஜனவரியில் மைக்ரோசாப்ட் அதை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ல் கிளிப்சாம்ப் வருகிறது. நான் ஓப்பன்ஷாட் பயன்படுத்தினேன்; இலவசம், இன்டர்நெட் இல்லாமலும் இயங்கும், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் கிடைக்கும். முதல் டிராக்கில் குரலை இழுத்து வைக்கவும். அதற்கு மேல் உள்ள டிராக்கில் போட்டோக்களை வைத்து, குரலுக்குத் தகுந்தபடி ஓரத்தைப் பிடித்து நீட்டவும். 12 போட்டோ, ஒவ்வொன்றும் 10 விநாடி என்றால் கணக்கு சரியாக இருக்கும். தமிழ்த் தலைப்பை நேரடியாக டைப் செய்தபோது எனக்குக் கொம்பும் எழுத்தும் தனித்தனியாக நின்றன. லிப்ரே ஆபீஸ் இம்ப்ரஸில் ஒரு ஸ்லைடாகத் தயாரித்து, பிஎன்ஜி பைலாக எக்ஸ்போர்ட் செய்து சேர்த்தேன். கடைசியில் 720பி அளவில் எம்பி4 ஆக மாற்றினால், விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் சுமார் 30 எம்பி வரும். எந்தப் பழைய பென் டிரைவிலும் அடங்கும்.

இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மாணவி எடுத்த போட்டோக்களில் அவளுடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டும் ஒன்று. பெயரும் ஹீமோகுளோபின் அளவும் தெளிவாகத் தெரிந்தன. பார்க்க நன்றாக இருந்ததால் நான் யோசிக்காமல் சேர்த்துவிட்டேன். நாலைந்து பேருக்கு முதலில் போட்டுக் காட்டியபோது, ஒரு பையன் அந்த எண்ணைச் சத்தமாகப் படித்தான். மறுநாள் அவளை ஒரு பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். படமே வேண்டாம் சார், அழித்துவிடுங்கள் என்றாள்.

அழித்துவிடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். டீச்சர் அந்தப் பையன்களிடம் தனியாகப் பேசினார். ஒரு வாரம் கழித்து அவளே வந்து, "சீட்டையும் என் முகத்தையும் எடுத்திருங்க, குரல் இருக்கட்டும்" என்றாள். அவள் அம்மாவிடமும் டீச்சர் சம்மதம் கேட்டார். இப்போது படத்தில் இருப்பவை கைகள், கூழ்ச் சட்டி, நீல மாத்திரை, வகுப்பு ஜன்னல் மட்டுமே. முன்பைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பிள்ளைகளின் உடல்நலத் தகவல் உள்ள எதையும் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தகவல்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. இன்னொன்று, மொபைலில் எடுக்கும் போட்டோவுக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். விண்டோஸில் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் டேப் சென்று, கீழே உள்ள ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்பர்மேஷன் மூலம் நீக்கிவிடலாம்.

இப்படிப்பட்ட படங்களால் பலன் உண்டா? டிஜிட்டல் கிரீன் நிறுவனம் கிராமத்து மக்களையே நடிக்க வைத்துத் தயாரிக்கும் வீடியோக்களை ஒடிசாவில் பெரிய அளவில் சோதித்து, 2021ல் முடிவுகள் வெளியாயின. விவசாயம், சத்துணவு பற்றிய அந்த வீடியோக்களைப் பெண்கள் குழுக்களில் போட்டுக் காட்டிப் பேசியதால், சில கிராமங்களில் குழந்தைகள் சாப்பிடும் உணவு வகைகள் கூடின. ஆனால் தாய்மார்களின் உடல் எடையிலோ, குழந்தைகளின் மெலிவிலோ மாற்றம் தெரியவில்லை. எனவே வீடியோ போட்டால் ரத்தம் ஊறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பள்ளியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். படம் முடிந்ததும் டீச்சர் லைட்டைப் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். பிள்ளைகளே குமட்டல், வயிற்றுவலி, கறுப்பு என்று கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டு நிமிடப் படத்திற்கு முப்பது நிமிடப் பேச்சு. யாருக்கெல்லாம் குமட்டுகிறது என்பது டீச்சருக்கு அன்றுதான் தெரிந்தது. அவர்களை இப்போது முதல் பந்தியில் சாப்பிட வைக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. ஓப்பன்ஷாட் புராஜெக்ட் பைலில் போட்டோக்கள் இருக்காது. அவை எந்த போல்டரில் உள்ளன என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். எனவே போட்டோ, குரல், புராஜெக்ட் பைல் மூன்றையும் ஒரே போல்டரில் வைத்து அப்படியே காப்பி எடுங்கள். நான் புராஜெக்ட் பைலை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய், ஒன்றும் திறக்காமல், பஸ் ஏறித் திரும்பி வந்தேன்.