ஒரு ரவுட்டருக்கு எத்தனை முகவரி, தெரியுமா?

வீட்டு ரவுட்டரின் ஐபி முகவரி என்ன என்று கேட்டால், 192.168.1.1 என்று பட்டென்று சொல்லிவிடுவோம். அது பாதி பதில்தான்! ஐபி முகவரி ரவுட்டர் என்ற பெட்டிக்குச் சொந்தமே இல்லை, தெரியுமா? அது பெட்டியில் இருக்கும் இன்டர்ஃபேஸுக்குத்தான் சொந்தம். இரண்டு தெருவிலும் வாசல் வைத்த மூலை வீட்டுக்கு இரண்டு கதவு எண் இருப்பதுபோல, வீட்டுப் பக்கம் ஒரு முகவரி, இணைய நிறுவனத்தின் பக்கம் இன்னொன்று. பின்னால் கேபிள் செருக நாலு போர்ட் வரிசையாக இருக்கிறதே, அவை? வழக்கமான வீட்டு ரவுட்டரில் அந்த நாலும் சேர்ந்து ஒரே இன்டர்ஃபேஸ், ஒரே முகவரி!

ஒரே நெட்வொர்க்கைச் சேர்ந்த இரண்டு முகவரிகளை இரண்டு இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்துப் பாருங்கள். சிஸ்கோ ரவுட்டர் ஏற்கவே ஏற்காது; இது அந்த இன்டர்ஃபேஸோடு மோதுகிறது என்று அடுத்த நொடியே சொல்லிவிடும். காரணம் இருக்கிறது. வந்த தரவுப் பாக்கெட்டை எந்த வழியாக வெளியே அனுப்புவது என்பதை, முகவரியின் நெட்வொர்க் பகுதியைப் பார்த்துத்தான் அது முடிவு செய்கிறது. அந்தப் பகுதி எதுவரை என்று சொல்வது சப்நெட் மாஸ்க். 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்கள் நெட்வொர்க். அதையே 255.255.0.0 என்று மாற்றினால் ஓர் அதிசயம் நடக்கும்: 10.0.0.255 என்ற முகவரியை ஒரு சாதாரணக் கணினிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்! 255 என்று முடிந்தாலே அது எல்லோருக்குமான பிராட்காஸ்ட் முகவரி என்று நம்புகிறவர்கள் இன்றும் எத்தனையோ பேர்.

முகவரி, மாஸ்க் இரண்டையும் பிழையில்லாமல் அடித்தும் சிஸ்கோ ரவுட்டரின் இன்டர்ஃபேஸ் உயிர்பெறாமல் கிடக்கலாம், தெரியுமா? ஆரம்பத்தில் அது மூடியே இருக்கும். ‘நோ ஷட்டவுன்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால்தான் திறக்கும். யாரும் அமைக்காத போர்ட் தானாக நெட்வொர்க்கில் நுழைந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட எளிய காவல் வேறென்ன வேண்டும்?

கேபிளே இல்லாத இன்டர்ஃபேஸும் உண்டு! லூப்பேக் என்று பெயர். முழுக்க மென்பொருளில் வாழ்வது. எந்த கேபிள் அறுந்தாலும் அது விழாது. ரவுட்டரை எட்ட ஏதாவது ஒரு வழி மிச்சமிருந்தால் போதும், அந்த முகவரியில் அதைப் பிடித்துவிடலாம். அதனால்தான் சிஸ்கோ ரவுட்டரில், ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று பாதைகளைச் சொல்லிக்கொள்ள உதவும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை, நாம் வேறெதுவும் சொல்லாவிட்டால், லூப்பேக் முகவரிகளில் பெரியதையே அந்த ரவுட்டரின் அடையாள எண்ணாக எடுத்துக்கொள்கிறது.

இனி 1.1.1.1-இன் கதை. இது என்னை எப்போதும் வாய்பிளக்க வைப்பது! யாரும் பயன்படுத்தாத எண்தானே என்று பல வருடங்களாக ஆளாளுக்கு இதைத் தங்கள் சாதனங்களின் இன்டர்ஃபேஸில் போட்டு வைத்தார்கள். 2010-இல் 1 என்று தொடங்கும் முகவரிகள் ஆசிய பசிபிக் பகுதிக்கு ஒதுக்கப்பட்டன. சோதனைக்காக 1.1.1.1 இருக்கும் தொகுதியை இணையத்தில் அறிவித்ததும், உலகெங்கும் இருந்து குப்பைப் பாக்கெட்டுகள் வெள்ளமாக வந்து குவிந்தன. 2018 ஏப்ரல் 1 அன்று கிளவுட்ஃப்ளேர் அதே முகவரியில், தளங்களின் பெயர்களுக்கு ஐபி முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் சேவையைத் தொடங்கியபோது, சில நெட்வொர்க்குகளில் இருந்தவர்களால் அதை எட்டவே முடியவில்லை. அவர்களுடைய சாதனமே ‘1.1.1.1 நான்தான்’ என்று நினைத்து, பாக்கெட்டை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டது!

32 பிட் ஐபிவி4-இல் மொத்தம் இருப்பதே சுமார் 429 கோடி முகவரிகள்தான். மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. ஆனால் ஒரு கணினி தன்னோடு தானே பேசிக்கொள்வதற்காக, 127 என்று தொடங்கும் 1,67,77,216 முகவரிகள் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. நம்ப முடிகிறதா?

தூரத்து ஊரில் இருக்கும் ரவுட்டரின் முகவரியை இங்கிருந்தே மாற்றும்போது ஒரு எண் தவறினால் தொடர்பு அறுந்துவிடும். கைதேர்ந்த பொறியாளர்கள் முதலில் ‘ரீலோடு இன் 10’ என்று அடித்துவிடுவார்கள். பத்து நிமிடத்தில் ரவுட்டர் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்து, சேமிக்காத மாற்றங்களை உதறிவிட்டுப் பழைய அமைப்போடு எழுந்துவிடும். எல்லாம் சரியாக முடிந்தால் அந்த மறுதொடக்கத்தை ரத்து செய்துவிட்டுச் சேமிக்கலாம். ஜூனிப்பர் ரவுட்டர்களில் இதற்கென்றே ‘கமிட் கன்ஃபர்ம்டு’ என்ற கட்டளை இருக்கிறது. பத்து நிமிடத்துக்குள் நாம் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பும்.

தூரம் என்றால் எவ்வளவு தூரம்? 2003 செப்டம்பரில் பிரிட்டனின் யூகே-டிஎம்சி செயற்கைக்கோளோடு ஒரு சிஸ்கோ ரவுட்டரும் விண்ணுக்குப் போனது! தரையில் இருந்தபடியே அதில் உள்நுழைந்து கட்டளை அடித்தார்கள். 2007 மார்ச்சில் அதே ரவுட்டரில் 128 பிட் ஐபிவி6 முகவரியும் ஏறியது.