பலெர்மோவில் ஒரு உப்புக்கண்டப் பெட்டி

வெளிநாடு வந்தவங்க எல்லாம் இட்லியை நினைச்சு உருகுவாங்க. நமக்கு உப்புக்கண்டம். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். பங்குனி வெயில்ல, மஞ்சளும் உப்பும் தடவின ஆட்டுக்கறியைக் கயித்துல கோத்து மொட்டை மாடியில கட்டிட்டு, காக்காய்க்குக் காவலா என்னை உக்கார வெச்சுட்டு அம்மா கீழே போயிடுவாங்க. நாலு நாள்ல மரக்கட்டை மாதிரி ஆயிடும். அப்புறம் தட்டி, நல்லெண்ணெய்ல பொரிச்சு, ரசஞ்சோத்தோட... சரி வேணாம், விடுங்க.

போன நவம்பர்ல இங்க பால்கனியில அதையே செஞ்சேன். பல்லரோ சந்தையில ஒரு கிலோ மாட்டுக்கறி (அம்மாகிட்ட ஆட்டுக்கறின்னுதான் சொல்லியிருக்கேன், யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க), த்ராபனி உப்பளத்துக் கல்லுப்பு, ஊர்ல இருந்து வந்த மஞ்சத்தூள். மூணாவது நாள் மழை. அஞ்சாவது நாள் பார்த்தா கறி மேல பச்சையா பூஞ்சை, கிட்டப் போனா வாடை. ஒரு கிலோவும் குப்பைக்கு. மாணவன் பர்ஸுக்கு அது சின்ன அடி இல்லை.

ரூம்ல இருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணன் சிரிச்சார். "தம்பி, வன்னியிலை நாங்கள் உதை வத்தல் எண்டு சொல்லுவம். இஞ்சை கடல் காத்து, அந்த வெயிலுக்கு எங்கை போறது?" நியாயம்தான். ஷிரோக்கோ காத்து அடிக்கிற நாள்ல துணி ஒரு மணி நேரத்துல காயும். ஆனா அது நம்மளைக் கேட்டுக்கிட்டா வருது?

இதுக்கு தென்னாப்பிரிக்காக்காரங்க ஒரு வழி வெச்சிருக்காங்க. அவங்களோட 'பில்டாங்' கிட்டத்தட்ட நம்ம உப்புக்கண்டம்தான். உப்பு, வினிகர், மிளகு, வறுத்த கொத்தமல்லி விதை. அதை வீட்டுக்குள்ளேயே காயவைக்க ஒரு பெட்டி: அடியில பல்பு, நடுவுல தொங்குற கறி, மேல ஃபேன்.

பல்பு கறியை வேகவைக்கன்னுதான் முதல்ல நினைச்சேன். இல்லைங்க. 20 டிகிரியில 80 சதவீதம் ஈரப்பதம் இருக்கிற காத்தை 25 டிகிரிக்கு சூடாக்கினா, அதே காத்தோட ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு இறங்கிடும். காத்துல இருக்கிற தண்ணி குறையல, காத்து இன்னும் தண்ணி குடிக்கத் தயாராகுது, அவ்வளவுதான். மொட்டை மாடியில வெயில் செஞ்ச வேலையில பாதி இதுதான்.

இதுல ஒரு வில்லங்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல ஆரம்பிச்சு 2012-க்குள்ள வீட்டு குண்டு பல்புகளை ஒவ்வொண்ணா நிறுத்திட்டாங்க. எல்ஈடி பல்பு அந்த அளவுக்கு சூடு தராது. இரும்புக்கடைத் தாத்தாதான் கைஜாடையிலயே விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டு ஓவனுக்குள்ள எரியற 25 வாட் பல்பை எடுத்து நீட்டினார். அதுக்கு விலக்கு இருக்கு!

பெட்டி? ரோட்டோரம் யாரோ போட்ட பழைய மர அலமாரி. கீழ்ப்பக்கம் ஓட்டை போட்டு கொசுவலை. பல்புக்கு மேல ஒரு தகரத் தட்டு, கறித்தண்ணி சூடான பல்புல சொட்டினா வெடிச்சிடும். உச்சியில காத்தை வெளியே இழுக்கிற மாதிரி பழைய கம்ப்யூட்டர் ஃபேன். அதுக்கு 12 வோல்ட் குடுக்காம, போன் சார்ஜரோட 5 வோல்ட்ல மெதுவா ஓடவிட்டேன். காரணம் இருக்கு. காத்து வேகமா அடிச்சா மேல்தோல் இறுகிப்போய் உள்ளே ஈரம் மாட்டிக்கும். வெளியே கல்லு, உள்ளே ஊசல். இரண்டாவது தடவை அதுலயும் ரெண்டு துண்டு போச்சு.

மூணாவது தடவை சரியா வந்துச்சு. கிலோவுக்கு 25 கிராம் உப்பு, எடை போட்டு. ரெண்டு விரல் தடிமன் துண்டுகள், மேல வினிகர் தடவல், ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல. துண்டுகள் ஒண்ணையொண்ணு தொடாம தொங்கணும். ஆறு நாள்ல ஒரு கிலோ 490 கிராம் ஆச்சு. பாதி எடை போனா கணக்கு சரி.

முழுக்கறி மட்டும்தான், கொத்துக்கறி கூடாது. முழுத் துண்டுல கிருமி பெரும்பாலும் மேல்பக்கம்தான் இருக்கும், உப்பும் வினிகரும் அதைக் குறைக்கும். கொத்தினா மேல்பக்கம் எல்லாம் உள்ளே போயிடும். பன்றிக்கறி பக்கமே போகாதீங்க, அதுல வர்ற ஒட்டுண்ணிப் புழு காயவைக்கறதால மட்டும் சாகாது. பூஞ்சை பார்த்தா சுரண்டிட்டு சாப்பிடற வேலையும் வேணாம். தென்னாப்பிரிக்காக்காரங்க பில்டாங்கை அப்படியே மெல்றாங்க. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அம்மா மாதிரி பொரிச்சுதான் சாப்பிட்டேன்.

சட்டியில போட்டதும் வந்த வாசனைக்கு அண்ணன் ரூம்ல இருந்து தட்டோடவே வந்துட்டார். ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன். "வெயிலே இல்லாத ஊர்ல எப்படிடா காஞ்சுச்சு?"ன்னாங்க. பல்புன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கரண்ட் பில்லு எவ்வளவு வரும்?" :-)