35-க்கும் 45-க்கும் நடுவே

"அரை டம்ளர்தான் வந்தது, அண்ணே. மிச்ச ஆயில் எங்கே போச்சு?"

பக்கத்துத் தெருத் தம்பி காலை ஏழு மணிக்கெல்லாம் எண்ணெய்க் கையோடு வாசலில் நின்றான். அவனுடையது ஜெட்டா டீசல், ஆறு கியர் டிஎஸ்ஜி. கியர்பாக்ஸ் ஆயிலையும் ஃபில்டரையும் வீட்டிலேயே மாற்றிவிடுவது என்று கிளம்பி, அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றியிருக்கிறான். கொஞ்சம் சொட்டி நின்றுவிட்டது. ஏழு லிட்டர் இருக்க வேண்டிய பெட்டி காலியாகிவிட்டதோ என்று பதறிவிட்டான். உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்து, அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பெட்டிக்குள் நடப்பது என்ன என்று பார்ப்போம். ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறி நெல் குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு உலக்கை இறங்கும்போது மற்றது மேலே தயாராக நிற்கும். டிஎஸ்ஜி என்னும் இரட்டைக் கிளட்ச் பெட்டியும் அப்படித்தான். ஒரு கிளட்ச்சின் பொறுப்பில் 1, 3, 5-ஆம் கியர்களும் ரிவர்ஸும். இன்னொன்றின் பொறுப்பில் 2, 4, 6. வண்டி மூன்றில் ஓடும்போதே நான்கு மாட்டிக்கொண்டு காத்திருக்கும். ஒன்று விட, மற்றது பிடிக்க, நமக்குத் தெரியாமலே கியர் மாறிவிடும். 1930-களிலேயே அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளருக்கு இந்த யோசனை வந்துவிட்டது. பெரிய அளவில் விற்பனைக்கு வந்த காரில் அது ஏறியது 2003-இல், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32-இல். அதில் வைத்த டிக்யூ250 என்ற பெட்டியின் வகைதான் நம் ஊர் ஜெட்டா, லாரா, ஆக்டேவியா 2.0 லிட்டர் டீசல் ஆட்டோமேட்டிக் வண்டிகளிலும் வந்தது.

இந்தப் பெட்டியில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் ஊறியபடியே சுழல்கின்றன. அதே எண்ணெய்தான் பல்சக்கரங்களுக்கு மசகு. அதே எண்ணெயின் அழுத்தம்தான் கிளட்ச்சைப் பிடிக்கவும் விடவும் செய்கிறது. சூட்டை வாங்கிக்கொள்வதும் அதுவே. தட்டு தேய்ந்து உதிரும் தூளும் இரும்புப் பொடியும் அதில்தான் கலக்கின்றன. அழுக்கு எண்ணெய் மெல்லிய வால்வுகளுக்குள் போய் ஒட்டினால் கியர் உதறும், ரிவர்ஸ் தயங்கும். அதைத் தடுக்கத்தான் கையளவு காகித ஃபில்டர் ஒன்றைப் பெட்டியின் தலையில் வைத்திருக்கிறார்கள். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயோடு சேர்த்து அதையும் மாற்ற வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்ற வண்டிகளில் இருக்கும் ஏழு கியர் டிக்யூ200 உலர் கிளட்ச் வகை. அதில் இப்படிக் கழற்றி மாற்றும் ஃபில்டரே கிடையாது. உங்கள் வண்டியில் எந்தப் பெட்டி என்று தெரிந்துகொண்ட பிறகு கடைக்குப் போங்கள்.

ஃபில்டரை மாற்றுவது எளிது. ஏர் ஃபில்டர் பெட்டியையோ பேட்டரியையோ, சில மாடல்களில் இரண்டையுமோ எடுத்துவைத்தால் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி தெரியும். கழற்றுவதற்கு முன் சுற்றிலும் இருக்கும் மண்ணைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். 24 எம்எம் சாக்கெட்டால் தளர்த்தி, உடனே தூக்காமல் பத்து விநாடி பொறுத்தால், உள்ளே தேங்கிய எண்ணெய் பெட்டிக்குள் இறங்கிவிடும். புது ஃபில்டர் போகும்போது மூக்குப் பகுதி கீழ்நோக்கி இருக்க வேண்டும். புது ஓ-ரிங்கில் கொஞ்சம் புது எண்ணெய் தடவி, மூடியை 20 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் போதும். பிளாஸ்டிக் என்பதால் பலத்தைக் காட்டினால் விரிசல்தான்.

இனி தம்பியின் அரை டம்ளர். அடி போல்ட்டை 14 எம்எம் ஆலன் கீயால் கழற்றினால், துளைக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் நிற்கும். வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் வழிந்து போக ஒரு குழாய் வைப்போமே, அதேதான். குழாயின் வாய்க்கு மேலே இருக்கும் எண்ணெய் மட்டுமே வழியும். 8 எம்எம் ஆலன் கீயால் அந்தக் குழாயையும் கழற்றினால்தான் ஐந்து லிட்டருக்கு மேல் கொட்டும். வடிந்த பிறகு குழாயைத் திரும்ப மாட்ட மறந்தால், ஊற்றுவதெல்லாம் அதே வழியாகக் கீழே போய்விடும். மாட்டும்போது விரல் பலமே அதிகம். 3 நியூட்டன் மீட்டர்தான் அதற்கு அளவு.

வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் மேலே ஃபில்டர் இருந்த கூட்டின் வழியாகவே, நீண்ட புனல் வைத்து, புது எண்ணெயை ஊற்றுகிறார்கள். சுமார் 5.2 லிட்டர் பிடிக்கும். ஆறு லிட்டர் வாங்கி வையுங்கள். ஜி 052 182 என்ற தரக்குறியீடு டப்பாவில் இருக்க வேண்டும். சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் இதற்கு ஆகாது.

இதன் பிறகுதான் உண்மையான வேலை. எண்ணெய் சூடேறினால் விரியும். விளிம்பு வரை ஊற்றி வெயிலில் வைத்த எண்ணெய்ப் புட்டி வழிவதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் மட்டம் பார்ப்பதற்கு ஒரு வெப்பம் வகுத்திருக்கிறார்கள்: 35 முதல் 45 டிகிரி செல்சியஸ். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி எல்லா நிலைகளுக்கும் லீவரை நகர்த்தி, ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி, பார்க்கிங்குக்குத் திரும்புங்கள். வெப்பத்தை, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஓபிடி கருவியில் பார்த்துக்கொண்டே இருங்கள். 35-ஐத் தாண்டியதும், இன்ஜின் ஓடும்போதே, அடி போல்ட்டைத் திறக்க வேண்டும். தாரையாக வரும் எண்ணெய் மெலிந்து, சொட்டுச் சொட்டாக ஆன நொடியில் புது வாஷரோடு மூடி, 45 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். எதுவுமே வரவில்லை என்றால் குறைவு. இன்னும் ஊற்ற வேண்டும்.

நம் ஊர் சித்திரை வெயிலில் மதியம் இதைத் தொடங்கினால், இன்ஜினைத் தொடுமுன்பே எண்ணெய் 40-ஐ எட்டியிருக்கும். நிதானமாகப் பார்க்க நேரமே இருக்காது. முதல் நாள் மாலை வண்டியை நிறுத்திவிட்டு, மறுநாள் விடியலில் செய்யுங்கள். தம்பி அந்த ஒன்றைச் சரியாகச் செய்திருந்தான்.

ஆனால் முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கியிருந்தான். சாய்ந்த வண்டி காட்டும் மட்டம் பொய் மட்டம். நான்கு மூலையும் ஒரே உயரத்தில், கனமான ஸ்டாண்டுகளின் மேல் நிற்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி, இன்ஜின் ஓடும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது. கதவடைத்த ஷெட்டில் இன்ஜினை ஓடவிடவும் கூடாது. புகை ஆளைக் கொல்லும்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். சட்டப்படி அது அபாயக் கழிவு. டப்பாவில் அடைத்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள். டார்க் ரெஞ்சும் நான்கு ஸ்டாண்டும் கையில் இல்லையென்றால் இரவல் வாங்கலாம். வெப்பம் காட்டும் கருவி இல்லையென்றால் அடி போல்ட்டைத் தொடவே வேண்டாம். விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.