மகரந்தமும் தும்மலும்

அலட்சியம் செய்யப்படும் வியாதி

வெள்ளாற்றின் தென்கரையில், திட்டக்குடிக்கு எதிரே அமைந்த லப்பைக்குடிக்காட்டிலும், அதைச் சூழ்ந்த பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துக் கிராமங்களிலும், காலையில் கண்விழித்த மாத்திரத்தில் அடுக்கடுக்காகத் தும்மத் தொடங்கி, மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிய, கண்ணும் மேலண்ணமும் அரிக்க, துண்டால் முகத்தைத் துடைத்தபடியே வேலைக்குப் போகிறவர்களைக் காண்பது அரிதன்று. பீனிசம் என்றும் தூசி அலர்ஜி என்றும் சொல்லி, வருஷக்கணக்கில் அதனோடு வாழப் பழகிவிட்டவர்கள் அவர்கள். உயிருக்கு ஆபத்தில்லாத வியாதி என்பதால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இரவெல்லாம் மூக்கடைத்து நித்திரையை இழந்த ஒரு மாணவன் மறுநாள் வகுப்பில் எவ்வளவு கிரகிக்க முடியும் என்பதையும், சிகிச்சையின்றி விடப்பட்ட நாசி ஒவ்வாமை பலருக்கு ஆஸ்துமாவோடு சேர்ந்தே இருப்பதையும் எண்ணிப் பார்த்தால், இதைச் சாமான்யமான உபாதை என்று தள்ள மனம் வராது.

காற்றில் வருவது எது?

இந்நோயின் காரணத்தைத் தேடிய சரித்திரம் சுவாரசியமானது. 1819-இல் லண்டன் வைத்தியரான ஜான் பாஸ்டாக் தமக்கு ஒவ்வொரு கோடையிலும் நேர்ந்த அவஸ்தையையே விவரித்து மருத்துவ சபையில் ஒரு கட்டுரை வாசித்தார். பின்னர் மான்செஸ்டர் நகரத்துச் சார்லஸ் பிளாக்லி, தாமும் அதே நோயால் வருந்தியவராதலால், பட்டங்களை உயரே பறக்கவிட்டு அங்குள்ள மகரந்தத்தைச் சேகரித்தும், தம் மூக்கிலேயே மகரந்தத்தை வைத்துச் சோதித்தும், குற்றவாளி மகரந்தமே என்று 1873-இல் நூலாக வெளியிட்டார். தீங்கற்ற அத்துகளைச் சரீரம் பகையென்று கருதி, ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. மறுமுறை அத்துகள் படும்போது, நாசியின் சவ்விலுள்ள அணுக்கள் ஹிஸ்டமின் என்ற திரவியத்தை வெளிவிட, தும்மலும் அரிப்பும் நீர்வடிதலும் உடனே தோன்றுகின்றன.

பாஸ்டாக்கின் தேசத்தில் பெரும்பாலும் புல்லின் மகரந்தம் செய்ததை நம் பக்கத்தில் வேறு செடிகளும் சேர்ந்து செய்கின்றன. அவற்றுள் முதலில் வைக்கத்தக்கது பார்த்தீனியம். அந்நிய நாட்டிலிருந்து தானியத்தோடு வந்து, 1950-களின் நடுவில் புனேயில் கண்டறியப்பட்ட அந்தச் செடி, இன்று சாலையோரத்திலும் தரிசிலும் வயல் வரப்பிலும் வெள்ளைப் பூக்களோடு நிற்கிறது. மூக்கைத் தொல்லைப்படுத்துவதோடு தோலையும் புண்ணாக்குகிறது. சீமைக் கருவேலத்தின் மகரந்தமும் ஒவ்வாமை தருவதே. மக்காச்சோளமும் பருத்தியும் மிகுதியாக விளையும் இந்தப் பெரம்பலூர்ச் சீமையில், கதிரடிக்கும்போது எழும் தூசியும், ஈரம் பட்ட தட்டையில் படியும் பூஞ்சணமும் வேறு. வருஷம் முழுவதும் ஓயாமல் தும்முகிறவர்களோ பெரும்பாலும் வெளியே தேட வேண்டியதில்லை. பழைய பஞ்சு மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கும் தூசிப் பூச்சியே அவர்களுடைய பகைவன்.

செவிலியர் கேட்கும் கேள்விகள்

மருத்துவர் சீட்டு எழுதுவதற்கு முன்னும் பின்னும், நோயாளியின் அருகில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பதற்கு வாய்ப்புள்ளவர் செவிலியர். இந்த வியாதியில் பாதிச் சிகிச்சை அந்தக் கேள்விகளிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எந்த மாதத்தில் வருகிறது? வயலில் களை பறித்த அன்றா, வீட்டில் ஒட்டடை அடித்த அன்றா? சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திப் புகையில் அதிகமாகிறதா? வளைகுடா நாட்டில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்தவரானால், அங்கே இருந்ததா, இங்கு வந்தபின் தோன்றியதா? சில வாரங்கள் இவற்றை ஒரு நோட்டில் குறித்துவரச் சொன்னால் காரணம் தானே வெளிப்படும். பிள்ளைகள் தங்கள் துன்பத்தைச் சொல்லத் தெரியாதவர்கள். உள்ளங்கையால் மூக்கின் நுனியை மேல்நோக்கித் தேய்க்கும் வழக்கத்தையும், அதனால் மூக்கின் குறுக்கே விழுந்த கோட்டையும், கண்ணுக்குக் கீழே படர்ந்த கருமையையும், வாயால் மூச்சு விடுவதையும் செவிலியரின் கண்ணே கண்டுகொள்ள வேண்டும். காய்ச்சல் அடித்தாலும், ஒரு பக்க மூக்கில் மட்டும் சீழோ இரத்தமோ வந்தாலும் அது வேறு நோயாகலாம். மருத்துவரிடம் அனுப்பத் தாமதிக்கலாகாது.

காரணம் தெரிந்தபின் செய்ய வேண்டியவை எளியவை. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே, கையுறையும் முகக்கவசமும் அணிந்து வேரோடு பிடுங்குக. ஒவ்வாமை உள்ளவர் அந்த வேலையைப் பிறரிடம் விடுவதே நல்லது. கதிரடிக்கும் இடத்திலிருந்து வீடு திரும்பியதும் தலைக்குக் குளித்து உடை மாற்றுக. படுக்கை விரிப்பை வாரந்தோறும் வெந்நீரில் துவைக்க வேண்டும். சளி என்று எண்ணிக் குழந்தையின் அறையில் சாம்பிராணிப் புகை போடுவது நோயை வளர்ப்பதேயாகும். கொதிக்கும் நொச்சி நீரில் சிறு குழந்தைகளை ஆவி பிடிக்க வைப்பதில் வெந்துபோகும் அபாயமும் உண்டு.

மருந்தும் அதன் பிரயோகமும்

தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும்போது நாசியில் நீர் செலுத்திச் சிந்துவது லப்பைக்குடிக்காட்டில் பலருக்கு நாள்தோறும் பழகிய காரியமாதலால், உப்பு நீரால் மூக்கைக் கழுவும் முறையை இங்கே கற்பிப்பது எளிது. கொதிக்கவைத்து ஆறிய நீர் கால் லிட்டரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துப் பயன்படுத்தலாம். உள்ளே ஆழமாகச் செலுத்தும் நீராதலால் கொதிக்கவைக்காத நீர் கூடாது.

செட்டிரிசின், லோரடடின் போன்ற மாத்திரைகள் தும்மலையும் அரிப்பையும் தணிக்கும். கடையில் சுலபமாகக் கிடைக்கும் குளோர்பெனிரமின் தூக்கத்தை வரவழைப்பது. வண்டி ஓட்டுகிறவரும் இயந்திரத்தின் முன் நிற்கிறவரும் அதைத் தவிர்க்க வேண்டும். செட்டிரிசினும் சிலருக்குத் தூக்க மயக்கம் தரும். மூக்கடைப்புக்குச் சிறந்தது மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே. அதன் முழுப் பயன் தெரிய ஒன்றிரண்டு வாரமாகும் என்பதை முதல் நாளே சொல்லாவிட்டால், மூன்றாம் நாளே அது அலமாரிக்குப் போய்விடும். தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இடப்பக்கத் துவாரத்திலும் இடக்கையால் வலப்பக்கத் துவாரத்திலும், நுனி நடுத்தண்டைப் பாராமல் வெளிப்புறம் பார்க்கும்படி வைத்து அடிக்க வேண்டும். நடுத்தண்டில் அடித்தால் இரத்தம் கசியும். உடனே அடைப்பைத் திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட்டால், மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கிவிடும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் எதையும் உட்கொள்ளலாகாது.

ரமலான் மாதத்தில் நோன்பிருப்போர், நாளுக்கொரு முறை உண்ணும் மாத்திரையை நோன்பு திறந்தபின் இரவில் உட்கொள்ளலாம். ஸ்பிரேயையும் அப்போதோ, நோன்பு தொடங்குமுன் உண்ணும் சஹர் நேரத்திலோ அடித்துக்கொள்ளும்படி மருத்துவரிடம் பேசி நேரத்தை மாற்றிக்கொள்வது கடினமன்று. மருந்தை மாதம் முழுவதும் நிறுத்திவிடுவதுதான் தவறு.

மூச்சு இரையும்போது

இரவில் இருமலும், மார்பில் சீழ்க்கைபோன்ற ஓசையும், நடக்கையில் இளைப்பும் தோன்றினால், ஒவ்வாமை மூக்கோடு நிற்காமல் சுவாசக் குழாய்க்குள்ளும் இறங்கிவிட்டதென்று சந்தேகிக்க வேண்டும். தும்மலுக்கென வந்தவரிடமும் செவிலியர் இதை மறவாமல் விசாரிப்பது அவசியம். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை அவரைப் படுக்கவைக்காமல், உட்கார்ந்தபடியே சற்று முன்புறம் சாய்ந்திருக்கச் செய்து, இன்ஹேலர் எழுதித்தரப்பட்டவராயின் அதைக் கொடுக்கத் தொடங்குக.