நம் வீட்டுப் பிராணிகளும் நுண்கிருமிகளும்

நாய் குரைக்காத தெருவும் பூனை படுத்திராத திண்ணையும் நம் ஊர்களில் அரிது. காவலுக்கு ஒரு நாய், எலிக்கு ஒரு பூனை, பாலுக்கு ஓர் ஆடு, முட்டைக்கு நாலு கோழி என்று நம் முன்னோர் வாழ்ந்தனர். இன்று மாடி வீடுகளிலும் நாய்க்குட்டிகள் செல்லப்பிள்ளைகளாக வளர்கின்றன. ஜனவரி 17 ஆம் நாள் வனத்து அந்தோணியார் திருநாளிலும், அக்டோபர் 4 ஆம் நாள் அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருநாளிலும் பிராணிகளை ஆலயத்துக்குக் கொண்டுவந்து மந்திரிக்கும் வழக்கம் திருச்சபையில் உண்டு. அவையும் இறைவனின் படைப்புகள் என்பதை இவ்வழக்கம் நமக்கு நினைவூட்டுகிறது.

ஆனால் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் என்ன நடக்கிறது? “எல்லாம் இந்தப் பூனையால் வந்த வினை” என்று அதைச் சாக்கில் போட்டு ஊருக்கு வெளியே விட்டுவிடுவோர் உண்டு. “நம் செல்லத்துக்கு ஏது கிருமி?” என்று தம் தட்டிலேயே அதற்கும் சோறிடுவோரும் உண்டு. இருவர் செய்வதும் சரியன்று. ஏன் என்பதைச் சற்றே ஆராய்வோம்.

பாக்டீரியா என்பவை ஒரே செல்லால் ஆன நுண்ணுயிர்கள். பலவற்றின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். பாலைத் தயிராக்குபவையும் இவற்றைச் சேர்ந்தவையே. பிராணிகளின் வாயிலும் தோலிலும் குடலிலும் வாழ்பவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. சில மட்டும் நம் உடலுக்குள் புகுந்துவிட்டால் நோய் உண்டாக்குகின்றன. ஆகவே, அவை எந்த வழியாக வருகின்றன என்று தெரிந்துகொண்டால் அந்த வழியை அடைத்துவிடலாம்.

முதல் வழி பல்லும் நகமும். பூனையின் வாயில் பாஸ்சுரெல்லா என்னும் பாக்டீரியா சாதாரணமாகவே இருக்கும். லூயி பாஸ்டரின் பெயரால் அமைந்த பெயர் இது. பூனையின் பல் ஊசிபோல் ஆழமாக இறங்குவதால், வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே சீழ் பிடித்து, ஒரே நாளில் கை வீங்கிவிடலாம். பார்ட்டோனெல்லா என்ற மற்றொன்று தெள்ளுப்பூச்சியின் எச்சத்தில் இருந்து பூனையின் நகத்துக்கு வருகிறது. அது கீறினால் சில நாட்களுக்குப் பின் அக்குளில் நெறி கட்டிக் காய்ச்சல் வரக்கூடும். வெறிநாய்க்கடி நோயோ பாக்டீரியாவால் வருவதன்று, வைரசால் வருவது. நோய் முற்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. ஆதலால் நாயோ பூனையோ கடித்தால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாம் வழி சிறுநீர். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைராவை 1915 இல் ஜப்பானிய அறிஞர்களான இனாடாவும் இடோவும் கண்டறிந்தனர். எலியிடமிருந்து நாய்க்கும் இது தொற்றும். அந்த நாயின் சிறுநீர் கலந்த மழைநீரில் நாம் வெறுங்காலுடன் நடந்தால், பாதத்து வெடிப்பின் வழியே கிருமி உள்ளே புகுந்துவிடும்.

மூன்றாம் வழி மலம். நாய்க்குட்டிகளிடமிருந்து காம்பிலோபாக்டரும், கோழிக்குஞ்சு, ஆமை ஆகியவற்றிடமிருந்து சால்மோனெல்லாவும் நம் கை வழியாக வாய்க்குச் சென்று வயிற்றுப்போக்கை உண்டாக்குகின்றன. அமெரிக்காவில் குழந்தைகள் குட்டி ஆமைகளை வாயில் வைத்து விளையாடி நோயுற்றதால், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணிகளாக விற்பதை 1975 இல் அந்நாட்டு அரசு தடை செய்தது.

நான்காம் வழி தூசி. 1929 ஆம் ஆண்டின் இறுதியில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிளிகளை வாங்கி வளர்த்த பல வீடுகளில் கடுமையான நுரையீரல் காய்ச்சல் பரவியது. காய்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசித்ததே காரணம். புறாக்கூட்டைச் சுத்தம் செய்வோர் முதலில் நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நலம்.

நோயுள்ள பிராணி சோர்ந்து கிடக்கும் என்று நாம் எண்ணுகிறோம். அது எப்போதும் உண்மையன்று. திருத்தூதர் பவுல் கப்பல் உடைந்து கரையேறிய மால்டாத் தீவை நாம் அறிவோம். அங்கே ஆங்கிலேயப் படைவீரர்களை வாட்டிய காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை 1887 இல் டேவிட் புரூஸ் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது பல ஆண்டுகள் புலப்படவில்லை. 1905 இல் தெமிஸ்டாக்லிஸ் சம்மித் என்ற மால்டா மருத்துவர், பார்வைக்கு நல்ல உடல்நலத்துடன் இருந்த வெள்ளாடுகளிடம் அதைக் கண்டார். அடுத்த ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது; காய்ச்சலும் வெகுவாகக் குறைந்தது.

இக்கதையில் ஒரு பெண்மணிக்கும் பங்குண்டு. பசுக்களுக்குக் கன்று வீசச் செய்யும் கிருமியும் மால்டாக் கிருமியும் நெருங்கிய உறவுடையவை என்று 1918 இல் அமெரிக்க அறிஞர் ஆலிஸ் எவன்ஸ் எழுதினார். பசுவின் பச்சைப் பாலும் ஆபத்தானதே என்று எச்சரித்தார். முனைவர் பட்டம் இல்லாத ஒரு பெண் கூறியதைப் பலர் ஏற்கவில்லை. 1922 இல் அவருக்கே அந்நோய் தொற்றியது. எனினும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. மற்றவர்களின் சோதனைகளும் அவர் கூற்றை மெய்ப்பித்தன. 1928 இல் அமெரிக்க பாக்டீரியா இயலார் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். நம் வீட்டில் பால் பொங்கக் காய்ச்சும் ஒவ்வொரு முறையும் அவரை நன்றியுடன் நினைக்கலாமே!

பிராணிகள் மட்டுமா நமக்கு நோய் தருகின்றன? நாமும் அவற்றுக்குத் தருகிறோம். ஏறத்தாழ மூவரில் ஒருவரின் மூக்கில் ஸ்டபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா குடியிருக்கிறது. இதனை அடக்க 1959 இல் மெதிசிலின் என்ற மருந்து வந்தது. அதற்கும் அடங்காத வகை 1961 இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. பின்னர் அவ்வகை நாய், பூனைகளின் உடலிலும் காணப்பட்டது. சோதித்துப் பார்த்தபோது, பல வீடுகளில் வளர்ப்பவரிடம் இருந்ததும் பிராணியிடம் இருந்ததும் ஒன்றாகவே இருந்தன. காசநோயும் மனிதரிடமிருந்து நாய்க்குத் தொற்றியதுண்டு. எனவே, மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை உண்ணாமல் பாதியில் நிறுத்துவது நமக்கு மட்டுமின்றி, நம் காலடியில் படுத்திருக்கும் வாயில்லா ஜீவனுக்கும் தீங்காகலாம்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியவை யாவை? பிராணியைத் தொட்ட பின்னும் உண்ணும் முன்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவோம். அதற்குத் தனித் தட்டு வைப்போம். முகத்தையும் புண்ணையும் நக்க விடாதிருப்போம். தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் அண்டாமல் பார்த்துக்கொள்வோம். கால்நடை மருத்துவரிடம் காட்டி உரிய தடுப்பூசிகளைப் போடுவோம். மழைநாளில் செருப்பின்றி நடவாதிருப்போம். பாலைக் காய்ச்சியே பருகுவோம். கைக்குழந்தைகள், முதியோர், கருவுற்ற தாய்மார், நீண்ட நோயால் தளர்ந்தோர் உள்ள வீடுகளில் இருமடங்கு கவனம் தேவை. காய்ச்சல் என்று மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் என்ன பிராணி வளர்க்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் நோயை விரைவில் கண்டுபிடிக்க உதவலாம்.

‘சுத்தம் சோறு போடும்’ என்பது பழமொழி. நாயையும் பூனையையும் வீட்டைவிட்டுத் துரத்தத் தேவையில்லை. பத்து ரூபாய்ச் சோப்பும் சிறிது பொறுப்புணர்வும் இருந்தால் போதும். நம்மை நம்பி வாழும் அந்த உயிர்களையும், அவற்றோடு விளையாடும் நம் தம்பி தங்கையரையும் ஒருங்கே காப்பது நம் கடமையன்றோ!